சிவப்புப் பட்டை வரும் கப்பல்

எங்கள் மளிகைக்கடைக்கு எல்லாமே சென்னையிலிருந்து கப்பலில்தான் வரும். அட்டைப்பெட்டிகளை இறுக்கிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை போர்ட் பிளேரில் எல்லாக் கடைக்காரர்களும் அறுத்து வீசிவிடுவார்கள். எனக்கு மனம் வராது. பிஸ்கட்டுக்கு மஞ்சள், எண்ணெய்க்கு நீலம், தீப்பெட்டிக்குப் பச்சை. வெயிலில் குவிந்து கிடக்கும்போது அவ்வளவு அழகு.

குடோன் மூலையில் மரச்சட்டம் அடித்து, என் உயரத்துக்கு ஒரு தட்டி பின்ன ஆரம்பித்தேன். முறை பாய் பின்னுவதுதான். கோடும் கட்டமும் என் இஷ்டம். என் கணவர் பார்த்துவிட்டு, "குப்பை" என்றார். அன்றைக்கே எனக்குள் வீம்பு ஏறிவிட்டது. இந்த மனுஷனை ஒருநாளாவது இதை நின்று பார்க்க வைக்காமல் விடுவதில்லை.

"புதுச் சரக்கு வந்தா அந்த மூலை எனக்கு வேணும். அதுக்குள்ள முடிச்சுக்க" என்றார்.

முடித்திருப்பேன். மேல் ஓரத்துக்குச் சிவப்பு போதவில்லை. சிவப்புப் பட்டை சோப்புப் பெட்டியில் மட்டும்தான் வரும். சோப்பும் அதே கப்பலில்தான். கப்பல் வந்தால் சிவப்பு கிடைக்கும், மூலை போய்விடும். கப்பலோ, கடல் சரியில்லை என்று சென்னையிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர்க்கரை பாம்பூஃபிளாட்டிலிருந்து ஃபெரியில் சாத்தம் துறைக்கு வந்து இறங்குகிறவர்கள் கடைக்கு வந்தால், "ஜஹாஜ் கண்ணுல பட்டுச்சா?" என்று கப்பலைப் பற்றிக் கேட்டுப் பிடித்துக்கொள்வேன். சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய்த் தட்டியின் முன்னால் நிற்பேன். பின்னியதைப் பிரிப்பேன், மறுபடி பின்னுவேன்.

"ஊரே வெங்காயம் வரலைன்னு நிக்குது. நீ பொட்டி கட்டுற பட்டைக்கு நிக்கிற" என்று அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. சோப்புப் பெட்டிகளும் வந்தன. ஒன்றிலும் பட்டை இல்லை. இந்த முறை வெறும் டேப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

சுமை இறக்கும் வங்காளி ஆள் தோளில் பெட்டியோடு, "பாபி, கிதர் ரக்கேகா?" என்று எங்கே வைப்பதெனக் கேட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூலையைக் கைகாட்டிவிட்டு, யாரும் தொடுவதற்கு முன் நானே தட்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். மேல் வரிசையை உருவி எறிந்தேன்.

"உதர் நஹீ, உதர் நஹீ!" என்று, அங்கே வைக்க வேண்டாமெனக் கத்திக்கொண்டே கணவர் கல்லாவிலிருந்து ஓடிவந்தார். பெட்டிகளைக் கடை வாசலிலேயே இறக்கச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எதுக்குப் பிரிக்கிற? சிவப்பு இல்லாட்டி மேல மஞ்சளைப் போடு. ஆனா அந்தப் பச்சைக் கோடு இருக்கே, நடுவுல ஒரு வரி கீழ எறங்கி நிக்குது. தெனம் பாக்குறேன், கண்ணை உறுத்துது."

"தெனமா?"

அவர் வாசலுக்குப் போய்ப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

தள்ளி நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து, கோட்டை நேராக்கி மறுபடி பின்ன, பச்சை வரைக்கும் எல்லாவற்றையும் பிரித்தேன்.