யோகலட்சுமி அக்காவின் புல்லாங்குழல்

சூலியா தெருவில், நாணயம் மாற்றும் கடை ஒன்றின் மாடியில் யோகலட்சுமி அக்கா வீடியோ கடை வைத்திருந்தார். பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்ததெல்லாம் பினாங்கு. கப்பல் அலுவலகத்தில் பல வருஷம் தட்டச்சு செய்துவிட்டு, ஒரு நாள் அதை உதறி, கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டவர். பட்டுச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் சப்பாத்து. தாலி கட்டும் நேரத்தில் யாராவது மறைத்து நின்றால், "மாமா, உங்க முதுகு ரொம்ப அழகுதான். ஆனா பொண்ணு மாப்பிள்ளைய எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க லா" என்பார். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் கையிலிருந்து இசையில்லாத வீடியோ வெளியே போனதே கிடையாது. கல்யாணத்துக்கு நாதஸ்வரம், சாவுக்குப் புல்லாங்குழல். "சத்தமில்லாம குடுத்தா டேப்பு பழுதுன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க" என்பது அவர் அனுபவம்.

தொண்ணூற்றொன்பதில் அவர் மேசைக்கடியில் இன்னொரு கணினி வந்து உட்கார்ந்தது. அதுதான் செர்வர். எடுத்த வீடியோவை அதில் ஏற்றினால், டெலிபோன் கம்பி வழியாகப் போகுமளவுக்கு அதைச் சுருக்கி மாற்றி வைக்கும். வெளிநாட்டுச் சொந்தங்கள் அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். நான் அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஊரை விட்டு வந்தவன். வேலை பர்மிட் புதுப்பிக்கும் மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். அக்காவின் கடையில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நெஞ்சு அடங்கும். செர்வர் மக்கர் செய்யும்போது கூடச் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வது என் பங்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழ்க்கடை சீனி முகம்மது படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யோகா! உங்க ஊமை அண்ணன் மறுபடியும் வந்துட்டாரு!"

"அப்புத்துரைன்னு அவருக்கு நல்ல பேரு இருக்கு பாய். அது வாயில வரலைன்னா பேசாம மேல அனுப்புங்க."

"அனுப்பாம? நானென்ன கயித்துலயா கட்டி வச்சிருக்கேன்?"

அப்புத்துரை ஏறி வந்தார். கெரெத்தா, அதாவது கார், இருக்கைகளுக்கு உறை தைப்பவர்; ஐம்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. தங்கை கமலாம்பிகைக்கும் அப்படியே. வீட்டுக்குள் அவர்களும் அம்மாவும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு ஒன்று இருந்தது. பிறகு கமலாம்பிகை தன்னைப் போலவே காது கேட்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு மெல்போர்ன் போனார். ரெண்டு பேருக்கும் கேட்காவிட்டால் பிள்ளை அழுவது யாருக்குத் தெரியும் என்று அம்மா ஒப்பவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் தாயும் மகளும் மீண்டும் சந்திக்கவேயில்லை. இரண்டு மாதம் முன்பு நிபோங் திபாலில் அம்மா இறந்துபோனார்.

உறவினர் யாரோ, 'அமைதியாகப் போனார்' என்று எழுதிப் போட்டார்கள். கமலாம்பிகை நம்பவில்லை. அவர் மகன் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான்: அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பாட்டி கடைசியில் தன்னைத் தேடினாளா என்பதை மாமா தன் கையால் சொல்லட்டும் என்கிறாள்.

அப்புத்துரையின் அம்மா மகளைத் தேடியிருந்தார். பேச்சு நின்ற பிறகு, கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகத் தன் காதுமடலின் நுனியை இரண்டு முறை மெல்ல இழுத்துக் காட்டினாராம். சிறு வயதில் ஓயாமல் தோட்டை இழுத்துக்கொண்டிருந்த கமலாம்பிகைக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அப்புத்துரை இதையெல்லாம் கேமரா முன் கையால் சொல்லிவிட்டார். அது மெல்போர்ன் போய்ச் சேருவதில்தான் சிக்கல்.

முதல் தடவை பாதி மாற்றத்திலேயே செர்வர் நின்றது. மூன்று கல்யாணங்கள் இடத்தை அடைத்திருந்தன, அவற்றை அகற்றினோம். இரண்டாம் தடவை மாற்றம் முடிந்தது, அனுப்பினோம். பையன் எழுதினான்: படம் தாவித் தாவி வருகிறது, அம்மா திரையைப் பிடித்து உலுக்குகிறாள். டெலிபோன் கம்பியின் வேகத்திலேயே நாங்களும் ஓட்டிப் பார்த்தோம். அப்புத்துரையின் கை நெஞ்சில் இருந்தது, அடுத்த கணம் மடியில் இருந்தது. நடுவே காதுக்குப் போய் வந்தது மட்டும் காணவில்லை. புல்லாங்குழல் பிசிறில்லாமல் வந்தது.

அன்று மூன்றாம் முயற்சி. படத்தைச் சிறிதாக்கினோம், விரல்கள் ஒட்டிக்கொண்டன. எனக்குக் கம்பி மேல் சந்தேகம், மோடம் மேல் சந்தேகம்.

"தம்பி, நீங்க பயந்தா மெஷினும் பயப்படுது. செத்த சும்மா இருங்க" என்றார் அக்கா.

பின்னால் நின்ற அப்புத்துரை திரையின் மூலையைத் தட்டினார். அங்கே இரண்டு பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 'இது என்ன?' என்று புருவத்தைத் தூக்கினார். அக்கா காதைத் தொட்டு, குழல் ஊதுவதுபோல் விரல்களை அசைத்துக் காட்டினார்.

அப்புத்துரை தன்னைச் சுட்டினார். தூரத்தில் இருக்கும் தங்கையைச் சுட்டினார். இரண்டு கைகளையும் விரித்தார்: யாருக்கு?

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அட கடவுளே! கேக்காத அண்ணன், கேக்காத தங்கச்சி. நடுவுல நான் உக்காந்து குழல் ஊதுறேன் பாருங்க!"

மெல்லிய கம்பி அது. அதில் பாதியை இசை தின்றுகொண்டிருந்தது; மிச்சத்தில்தான் படம் நெரிபட்டுப் போனது. சத்தத்தை முழுதாக எடுத்தோம். துல்லியம் குறைந்தாலும் அசைவு தொடர வேண்டும் என்று வீடியோவைச் சுருக்கும் மென்பொருளை அமைத்தோம். ஓட்டிப் பார்த்தபோது முகம் கொஞ்சம் மங்கல். கை மட்டும் தண்ணீர்போல ஓடியது. நெஞ்சிலிருந்து எழுந்து, காதுமடலைப் பிடித்து, ஒரு முறை, இன்னொரு முறை. அப்புத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அனுப்பும்போது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய், கடை ரேடியோவில் அந்தப் புல்லாங்குழல் கேசட்டைப் போட்டார்.

"சும்மா எப்படி அனுப்புறது? இங்கயாவது பாடட்டும்."

பதில் சில நாளில் வந்தது. அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தாள், அழுதாள், பிறகு எழுந்து போய்த் தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தான் பையன். கடைசியில் ஒரு வரி: படத்தில் சத்தம் வரவில்லை, செர்வரில் ஏதோ கோளாறு, தயவுசெய்து கவனிக்கவும்.

அக்கா அதை மலாய் மொழியில் ஒரு தாளில் எழுதி அப்புத்துரையிடம் நீட்டினார். பள்ளியில் படித்த அந்த மொழியை அவர் வாசிப்பார். சோறு என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். கடைசி வரிக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

"யோகா, அங்க யாரு அது?" என்று கீழேயிருந்து கேட்டார் சீனி முகம்மது.

"அப்புத்துரை அண்ணன் பாய்!"