நிலா வரும்வரை கிளிப்

கறி வெட்டும் கட்டையைச் சுரண்டிக் கழுவி, கல்லுப்புத் தூவி, முழங்கை வரை எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பச்சைமுத்து புத்தகத்தைத் தொடுவார். சிவாஜிநகரில் இருக்கும் அவருடைய கறிக்கடையில் அந்த மதிய வேளையில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் கைமா கிடைக்காது. "சாயங்காலம் வாங்கண்ணா, இப்ப நந்தவனத்துல கீறேன்" என்பார், தலையைத் தூக்காமல்.

அவருக்கு வேண்டியது சரித்திரக் காதல் நாவல். அதிலும் காதல் மட்டும். முல்லைப் பந்தல், முத்துப் பல்லக்கு, இளவரசி கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவது, தளபதி கெஞ்சுவது, இதெல்லாம் வந்தால் மனிதர் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். படித்துவிட்டு எழும்போது விடியற்காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் இருக்காது. ஆனால் எங்காவது முரசு கொட்டினால் போயிற்று. அங்கிருந்து அடுத்த நிலா உதிக்கும் பக்கம் வரை சேர்த்துத் துணி கிளிப்பைப் போட்டுவிடுவார். "காலையிலருந்து வெட்டுனது பத்தாதா? பொஸ்தகத்துலயுமா ரத்தம்?"

கிளிப் போட்ட பக்கங்கள் மனைவி யசோதாவின் பாகம். ஸ்ரீராம்புரத்து வீட்டில் குழம்பைக் கிண்டிக்கொண்டே நாலு யானையைச் சாய்த்துவிட்டு, முடிவை மட்டும் சொல்வாள்: "உன் ஆளு வந்துட்டான்யா. தோள்ல ஒரு கீறல், அவ்ளோதான்." அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

போன வாரம் யசோதாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தளபதி செருவேலன் போருக்குக் கிளம்பிப் போய்விட்டான். பச்சைமுத்து வழக்கம்போல் கிளிப்பைப் போட்டு நிலாவுக்குத் தாவினார். அங்கே இளவரசி அல்லிக்கோதை மாடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்திலா, துக்கத்திலா? அது கிளிப்புக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் ஈரல் கேட்டவருக்குக் குடலைப் போட்டுக் கொடுத்தார். மனசே சரியில்லை.

"எனக்குப் படிச்சுக் காட்டேன், ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோயிடும்" என்றாள் யசோதா, கறுப்புக் கண்ணாடியோடு படுத்தபடி. சண்டையில்லாமல் அவளுக்கும் பொழுது போகவில்லை.

பச்சைமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கிளிப்பை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "முரசு கொட்டுச்சு... ரெண்டு படையும் எதிருக்கெதிரா வந்து நின்னுச்சு... அப்பறம் ரெண்டு ராஜாவும் சண்டையே வேணாம்னு ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கினாங்க."

"பக்கம் திருப்புற சத்தமே கேக்கலையே?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிந்தார். "வேல் வருது யசோதா. அவன் நெஞ்சுக்கு நேரா வருது."

"வரட்டும். நான் பக்கத்துலதான கீறேன்? படி."

பச்சைமுத்து அவள் முந்தானை நுனியை எடுத்து இடது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வலது கையால் பக்கத்தைப் புரட்டினார்.