என் பெயர் வசைச்சொல்லாக இருந்த ஒன்பது மாதங்கள்

என் பெயர் கொம்பையா. 2004 ஜூன் முதல் 2005 மார்ச் வரை, நான் நேரில் பார்த்தேயிராத நூற்று நாற்பது பேர் நடுவே இந்தப் பெயர் ஒரு வசைச்சொல்லாக வழங்கியது. அது எப்படி நேர்ந்தது, எப்படி முடிந்தது என்பதை என் கோப்பில் உள்ள தாள்களின் வரிசைப்படி எழுதுகிறேன். தாள் இல்லாத இடங்களில் நினைவிலிருந்து எழுதுவதாகச் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 1999இல் சென்னைப் பக்கம் வந்தேன். ஒரகடம் சாலையில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்து தரும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. சுங்குவார்சத்திரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். மூவருக்கும் மூன்று ஷிஃப்ட். ஒருவன் எழுந்துபோன பாயில் இன்னொருவன் வந்து படுப்பான். பாயின் சூட்டைக் கொண்டுதான் அறையில் வேறு ஆள் இருக்கிறான் என்பதை அறிந்துகொள்வோம். வேலையிலும் பேச்சு குறைவு. அளவுகோலில் பொருந்தினால் ஒரு பெட்டி, பொருந்தாவிட்டால் சிவப்புப் பெட்டி.

ஆங்கிலம் நானாகக் கற்றது. கற்றுக்கொடுத்தவை ஓர் அகராதியும் கம்பெனிப் படிவங்களும். ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் 'கேபிடல் எழுத்தில் நிரப்பவும்' என்று அச்சிட்டிருக்கும். சின்ன எழுத்தில் நிரப்பிய தாளைச் சூப்பர்வைசர் திருப்பி எறிவார். ஆகவே கேபிடல் எழுத்து மரியாதை, சின்ன எழுத்து அலட்சியம் என்பது என் மனத்தில் பதிந்துபோயிருந்தது.

டென்னிஸ் எனக்குத் தற்செயலாக வந்தது. 2003 பிப்ரவரி 16, ஞாயிறு. அந்த ஞாயிறை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது என்று தெரியாமல் பூந்தமல்லி பஸ் ஏறி, அங்கிருந்து நுங்கம்பாக்கம் போனேன். டென்னிஸ் அரங்கத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே சிறுவர் சிறுமியர் போட்டி. யாரும் என்னைத் தடுக்கவில்லை. கேலரியில் நிழல் இருந்தது.

அங்கே ஒன்றைக் கண்டேன். ஆரம்பச் சுற்று ஆட்டங்களுக்கு நடுவர் இல்லை. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா, உள்ளே விழுந்ததா என்று ஆடுகிற பிள்ளையே சொல்ல வேண்டும். வெளியே என்றால் ஒரு விரலை உயர்த்துவார்கள். உள்ளே என்றால் உள்ளங்கையைத் தரையை நோக்கித் தாழ்த்துவார்கள். ஐயம் இருந்தால் புள்ளி எதிராளிக்கே. கனிஷ்கா என்ற பன்னிரண்டு வயதுப் பெண் தோற்கும் நிலையில் இருந்தாள். எனக்கே வெளியே என்று தோன்றிய ஒரு பந்துக்கு அவள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். தனக்கு நட்டம் வந்தாலும் சரியான பெட்டியில் போடும் ஒரு பரிசோதகரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து போட்டி நடக்கும் ஞாயிறெல்லாம் போனேன். ஆட்ட அட்டவணைத் தாள்களைப் பிரதி எடுத்து வைத்தேன். பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் கிடைத்தது கண்ணப்பனின் பிரவுசிங் சென்டரில். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான்கு கம்ப்யூட்டர்கள். அங்கே தேடும்போது, இளையோர் டென்னிஸைப் பின்தொடர்பவர்கள் நடத்தும் மின்னஞ்சல் குழு ஒன்று அகப்பட்டது. நடத்துபவர் நாகர்கோவிலைச் சேர்ந்த டெனிசன், வங்கி ஊழியர். பெற்றோர், பயிற்சியாளர், வெறும் ரசிகர் என நூற்று நாற்பது பேர் அதில் இருந்தார்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். 2004 ஜூன் 6 அன்று சேர்ந்தேன். வரவேற்பு மடல் வந்தது. அதில் நான்கு விதிகள்:

புதியவர் எழுதுமுன் இரண்டு வாரம் படிக்க வேண்டும். பந்தை அடித்த விதத்தைக் குறை சொல்லலாம், பிள்ளையைச் சொல்லக் கூடாது. மறுப்பவர், முதலில் எதிர்த்தரப்பின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மறுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பெயர்.

முதல் விதியை, இரண்டு வாரத்துச் செய்திகளைப் படித்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். அன்று பிற்பகலே அச்செடுத்துப் படித்து முடித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கனிஷ்கா முதல் சுற்றில் தோற்றாள். அன்று நான் அரங்கில் இருந்தேன். ஏன் தோற்றாள் என்று குழுவில் பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு முறை தெரியும். எங்கள் லைனில் ஒரு பாகம் பழுதானால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு, ஆணிவேர் வரை போவோம். அந்தத் தாளில் தொழிலாளியின் பெயரே வராது. குற்றம் ஆளிடம் இல்லை, முறையில்தான் என்பதே அதன் அடிப்படை. அதைவிட மரியாதையான கேள்வியை நான் அறியேன். ஜூன் 13 அன்று, முழுவதும் கேபிடல் எழுத்தில், இப்படி அனுப்பினேன்:

"கனிஷ்கா ஏன் தோற்றாள்? இரண்டாம் சர்வ் தவறியதால். ஏன் தவறியது? பந்தை உயரத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? கண்ணில் வெயில். ஏன் வெயில்? தொப்பி இல்லை. ஏன் தொப்பி இல்லை? யாரும் சொல்லவில்லை. நிரந்தர நடவடிக்கை: தொப்பி. பொறுப்பு: தந்தை. முடிக்க வேண்டிய நாள்: ஜூன் 30."

கீழே என் பெயர், ஊர்.

ஜூன் 20 அன்று திறந்தபோது நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன். டெனிசன் தனியாக எழுதியிருந்தார்: "பதின்மூன்று வயதுக் குழந்தையின் தோல்வியை எடுத்துவைத்துக்கொண்டு இப்படிக் கூச்சலிடுவது வன்முறை. அவள் இதைப் படித்தாள். அவள் தந்தையும் படித்தார்."

கூச்சல் என்ற சொல் எனக்கு விளங்கவில்லை. கண்ணப்பன் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எல்லாம் கேபிடல்ல தட்டிகீற?"

"மரியாதைக்காகத்தான்."

"மரியாதையா? கம்ப்யூட்டர்ல கேபிடல்ல அடிச்சா கத்துறதுன்னு அர்த்தம் சார். சாட்டுக்கு வர்ற ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். நீ இன்னாடான்னா, அந்த ஆளு வூட்டு வாசல்ல மைக் செட்டு கட்டிகீற!"

மன்னிப்பும் விளக்கமும் எழுதி மூன்று முறை அனுப்பினேன். மூன்றின் பிரதியும் உள்ளன. பதில் இல்லை.

அறைக்கு வந்து இசக்கிபாண்டியிடம் சொன்னேன். அவன் வள்ளியூர்க்காரன், அன்று அவனுக்கு விடுமுறை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான்.

"பேருலயே கொம்ப வச்சிக்கிட்டு, முட்டாம இருப்பியாக்கும்?"

"நான் முட்டலடே. கேள்விதான் கேட்டேன்."

"ஊரான் பிள்ள தோத்ததுக்கு உனக்கு என்னத்துக்குடே அஞ்சு கேள்வி? நான் மூணு பாடம் ஃபெயிலாயி வந்தப்ப எங்கய்யா ஒரு கேள்விதான் கேட்டாரு. அதுவே இன்னும் முதுவுல கெடக்கு."

சிரித்துவிட்டு, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு ரசத்தை மூடி வைக்கச் சொன்னான்.

அடுத்த பதினொரு ஞாயிறுகள் ஆட்டம் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல இடமில்லை. செப்டம்பர் 5 அன்று 'சத்திரம்' என்ற பெயரில் மறுபடி சேர்ந்தேன். இது நான்காம் விதிக்கு மாறானது. தெரிந்தே செய்தேன்.

வரவேற்பு மடல் வந்தது. நான்கு விதிகளுக்குக் கீழே ஒரு புதிய பத்தி: 'எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஒரு மாதிரி.' அதன் கீழே என் ஐந்து ஏன்கள். தொப்பி. பொறுப்பு: தந்தை. கடைசியில் என் பெயரும் ஊரும். குழுவில் சேரும் ஒவ்வொருவரும் முதன்முதலாகப் படிப்பது அதைத்தான். ஓர் உடைந்த பாகத்தைக் காட்சிப் பலகையில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் கம்பெனியிலும் உண்டு. ஆனால் அங்கே பாகத்தைத்தான் தொங்கவிடுவார்கள்.

இந்த முறை இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரம் படித்தேன். பிறகு சின்ன எழுத்தில் எழுதினேன். பதினைந்து வயதுப் பெண் ஆட்டத்துக்காகப் பள்ளியை விடலாமா என்று விவாதம் வந்தது. விடலாம் என்ற தரப்பை முதலில் அவர்கள் வாயால் சொல்வதுபோல் எடுத்து எழுதி, பிறகு ஏன் கூடாது என்று எழுதினேன். டெனிசன் எல்லாருக்குமாகப் பதில் போட்டார்: "கருத்து வேறுபடுவது எப்படி என்று சத்திரம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்." அந்தத் தாளும் உள்ளது. ஒரே கோப்பில், ஒரே ஆளைப் பற்றி, ஒரே ஆள் எழுதிய இரண்டு தாள்கள்.

அந்த ஆறு மாதம் எனக்கு ஆட்கள் இருந்தார்கள். வேலூரிலிருந்து ஒருவர் மழை நின்றதா என்று கேட்பார். கோயம்புத்தூர் ஆட்ட முடிவை எனக்குத் தனியாக அனுப்ப ஒருவர் இருந்தார். பொங்கலுக்கு ஒன்பது வாழ்த்து வந்தது. எல்லாம் சத்திரத்துக்கு.

2005 பிப்ரவரி கடைசியில் செல்வலட்சுமி என்ற தாய் சேர்ந்தார். மகன் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறான். முதல் மடலிலேயே பிழையான ஆங்கிலத்தில் எட்டுக் கேள்விகள். ஓர் உறுப்பினர் எழுதினார்: "வருக. ஆனால் தயவுசெய்து கொம்பையா செய்யாதீர்கள்." இன்னொருவர்: "இது அரைக் கொம்பையாதான், மன்னிக்கலாம்." அதற்கு ஏழு பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள்.

என் பெயர் அப்படி வழங்குவதை அதற்கு முன்பும் நான்கு இடங்களில் பார்த்திருந்தேன். பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் திருப்பி எழுதினார்: "மன்னிக்கவும். கொம்பையா யார்? அவர் குழந்தைகளை என்ன செய்தார்? என் மகன் பெயரை இங்கே எழுதலாமா?"

அன்று வேலையில் மூன்று பாகங்களைத் தவறான பெட்டியில் போட்டு எடுத்தேன். இது நினைவிலிருந்து.

நான் வாய் திறக்காவிட்டால் சத்திரம் பிழைப்பான். கொம்பையா குழந்தைகளை ஏதோ செய்தவனாகவே இருப்பான். திறந்தால் இரண்டு பேருக்கும் இடமில்லை. மார்ச் 6 அன்று டெனிசனுக்கு எழுதினேன். மூன்றாம் விதிப்படி, முதலில் அவர் தரப்பு: ஒரு குழந்தையின் தோல்வியை அந்நியன் ஒருவன் கூச்சலாகக் கேட்டால் நடத்துநர் காக்க வேண்டியது குழந்தையைத்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. பிறகு என் தரப்பு: கேபிடல் எழுத்து எங்கே கற்றது, ஐந்து ஏன் எதற்கு. கம்பெனியின் வெற்றுப் படிவம் ஒன்றைக் கண்ணப்பனின் ஸ்கேனரில் எடுத்து இணைத்தேன். முதல் விதியைத் தவறாகப் படித்தேன், நான்காம் விதியைத் தெரிந்தே மீறினேன், சத்திரமும் நானே என்று எழுதினேன். கடைசியில்: "நாம் பார்க்கிற ஆட்டத்தில் ஐயம் வந்தால் புள்ளி எதிராளிக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். புதிதாக வந்தவனுக்கு நாம் அதைச் செய்யவில்லை. என்னைச் சேர்க்கக் கேட்கவில்லை. வரவேற்பு மடலிலிருந்து என் பெயரை எடுங்கள்."

ஒன்பது நாள் கழித்துப் பதில். மார்ச் 15 தேதியிட்டது.

"கொம்பையா அவர்களுக்கு. அந்த மாதிரியை எடுத்துவிட்டேன். பெயரை அங்கே போட்டது என் தவறு. உங்கள் மூன்று கடிதங்களையும் படிக்காமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. கனிஷ்காவின் தந்தைக்கு உங்கள் விளக்கத்தை அனுப்பியுள்ளேன். ஆனால் நான்காம் விதிக்கு விலக்கு கிடையாது. ஐயம் இருந்திருந்தால் உங்களுக்குச் சாதகமாகவே முடித்திருப்பேன். நீங்கள் ஐயமே மிச்சம் வைக்கவில்லை. சத்திரம் என்ற பெயரையும் இன்று நீக்குகிறேன். வருத்தத்துடன், டெனிசன்."

மூன்று முறை படித்தேன். தீர்ப்பில் பிழை காண முடியவில்லை.

பெயர் எடுக்கப்பட்டதற்கு அத்தாட்சி வேண்டும். வரவேற்பு மடலைப் பார்க்க நான் மூன்றாவது பெயரில் சேர முடியாது. கண்ணப்பனைக் கேட்டேன்.

"எனுக்கும் டென்னிஸுக்கும் இன்னா சார் சம்பந்தம்? நான் கேரம் போர்டு ஆளு."

"உங்கள் சொந்தப் பெயரில் சேர வேண்டும். வரவேற்பு மடலை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் போதும்."

"அவ்ளோதானே? தட்டு."

மார்ச் 27 அன்று அந்தப் பிரதி கைக்கு வந்தது. நான்கு விதிகள். மாதிரி இல்லை. ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'புதியவர் தவறினால், முதலில் தனி மடலில் கேளுங்கள்.' ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை. கோப்பில் இதுவே கடைசித் தாள். கனிஷ்காவின் தந்தையிடமிருந்து ஏதும் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்துக் கண்ணப்பன் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உன் ஆளுங்கோ மெயில் மேல மெயிலா போட்டுகினே கீறாங்கோ. அந்தம்மா இல்ல, செல்வலட்சுமி? அவங்க புள்ள ஜெயிச்சிட்டானாம். அல்லாரும் கை தட்றாங்கோ. படிக்கிறியா?"

"வேண்டாம்."

"என் பேர்லயே நீ எழுதேன் சார். நான் இன்னா எழுதப் போறேன்? பேரு சும்மாதானே கீது."

ஒருவருக்கு ஒரு பெயர் என்று சொன்னேன். அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அப்ப இத்த எப்டி நிறுத்துறது?"

விலகுவதற்கான இடம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. நான் விரல் வைத்துக் காட்டினேன். அவர் அழுத்தினார்.