நானே போட்ட தாழ்ப்பாள்

சகோதர சகோதரிகளே, முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு தறியைத்தான் பிடித்தேன், பேனாவைப் பிடித்ததில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

1991 ஆகஸ்டில் நடந்தது. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டி, ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தோம். சுவரை ஒட்டி பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம். பகல் முழுக்கத் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் நானும் என் மனைவி ஜெயமணியும் கை ஜாடையிலேதான் குடும்பம் நடத்தினோம்.

ஒரு புதன்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை. கையில் வேதப்புத்தகம்.

“ஸ்தோத்திரம் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைக நாங்க. இங்க மில்லுல வேல கெடச்சிருக்கு.”

எந்த மில், எந்த ஊழியக்காரர் என்று நான் கேட்கவில்லை. வேதப்புத்தகத்தோடு நிற்கிறவனிடம் விலாசம் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.

வீட்டைத் திறந்து காட்டினேன். ஒருவன் கதவைத் தட்டிப் பார்த்து, என் காதருகே வந்து கேட்டான்.

“தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதா அண்ணாச்சி?”

புதுத் தாழ்ப்பாள். நானே வாங்கி மாட்டியது. பெருமையாகக் கதவைச் சாத்தி, உள்ளே நின்று, என் கையாலேயே போட்டுக் காட்டினேன். திரும்பினால் விலாவில் கத்தி.

மற்றவன் வேதப்புத்தகத்தைத் தரையில் எறிந்தான். கத்தியைவிட அதுதான் என்னை எரித்தது.

“ஜன்னல் வழியா உம் பொஞ்சாதியக் கூப்புடு. நீ கத்துனாலும் இந்தச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்?”

ஜெயமணி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலிச் சங்கிலி. நான் கையை ஆட்டினால் போதும், வந்துவிடுவாள். வந்தால் அவளையும் உள்ளே இழுத்துவிடுவார்கள்.

அழகாக ஜெபிக்க எனக்குத் தெரியாது. ‘ஆண்டவரே, இவ இங்க வரக்கூடாது’ என்று மனதுக்குள் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கையைத் தூக்கவில்லை. கத்தி சட்டையைக் கிழித்துத் தோலில் இறங்கியது.

அப்போது கரண்ட் போனது.

தறிகள் இழுத்து இழுத்து நின்றன. எங்கோ காக்கை கத்துவது கேட்டது. பிறந்ததிலிருந்து குரல் உயர்த்தாத நான் தெரு அதிரக் கத்தினேன்.

“ஏட்டி, வராத! கத்தி வச்சிருக்கானுவ, ஓடு!”

கரண்ட் போனால் தறிக்காரர்கள் காற்று வாங்கச் சந்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் காதில் என் சத்தம் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் என்னை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார்கள். புதுசு, இறுகிக்கொண்டது. திறந்து வெளியே வந்தபோது வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு பேரையும் பிடித்துக் கட்டினார்கள்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் விசாரித்தேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை எந்தச் சபையிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.

தறிக்கூட மேஸ்திரி என்னைக் கேலி செய்தார். “கரண்டு தெனமும் போறதுதான. இதுல ஒம்ம சாமி எங்க வந்தாரு?”

“தெனமும் போறது சரி. அந்த நிமிசம் பாத்து ஏன் போச்சு?” என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

இப்போது வீடு பார்க்க யார் வந்தாலும் விலாசம் கேட்கிறேன். வேலை செய்யும் இடத்தில் போய் விசாரிக்கிறேன். மச்சினன் வந்து நின்ற பிறகுதான் கதவைத் திறக்கிறேன். அவர்கள் உள்ளே போய்ப் பார்க்கட்டும், நான் வாசலுக்கு வெளியே நிற்பேன். இதைப் பார்த்து நம் சபைப் பெரியவர் ஒருவர், “விசுவாசம் கொறஞ்சு போச்சோ தம்பி?” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஐயா, அன்று நான் ஆண்டவரை நம்பிக் கதவைச் சாத்தவில்லை. அவர் பேரைச் சொன்னவனை நம்பிச் சாத்தினேன். இரண்டும் ஒன்றில்லை.

வீடு வைத்திருக்கிறவர்களே, ஆண்டவரை முழுசாக நம்புங்கள். வருகிற ஆளை முழுசாக விசாரியுங்கள். கேள்வி கேட்டதற்காகக் கோபித்துப் போகிறவன் போகட்டும்.

ஜெயமணி இன்றும் அதே கொடியில்தான் துணி காயப்போடுகிறாள். பார்க்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். தறிச் சத்தத்துக்கு மேலே, அவளுக்குக் கேட்கும்படி.

20.2.1994, ஞாயிற்றுக்கிழமை.