ரமோனாவுக்கு வந்த ஒற்றை வரி

விடிந்ததும் ரமோனா கட்டடத்து நடைபாதையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பளபளவென்று தேய்த்தாள். அவள் இந்தக் கட்டடத்தில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. வாய்ப்பேச்சு இல்லை இது. இரண்டு நீதிமன்றங்கள் எழுதிக் கொடுத்த தீர்ப்பு.

காவல்காரன் அவள் புருஷன் ஒவிடியோ. சம்பளம் அவனுக்கு, தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் அவனுக்கு. முதுகுவலி என்று அவன் படுத்துவிட்ட வருஷங்களில் படிக்கட்டு துடைத்ததும், குப்பை இறக்கியதும், கொதிகலனோடு மல்லுக்கு நின்றதும் ரமோனா. தீர்ப்பின்படி அது வேலை இல்லையாம், மனைவியின் அன்பாம். புவெனோஸ் ஐரிஸில் ஆறு மாடி உயரத்துக்குப் புருஷன்மேல் அன்பு வைத்தவள் அவள் ஒருத்திதான்.

ஒவிடியோ செத்ததும் வீட்டைக் காலிபண்ணு என்றது உரிமையாளர் சங்கம். நானும் இங்கே வேலைக்காரிதான் என்று வழக்குப் போட்டாள். தோற்றாள். மேல்முறையீட்டிலும் தோற்றாள். மிச்சமிருந்தது நாட்டின் உச்ச நீதிமன்றம். அங்கே வழக்கு கிடக்கிறவரை தலைக்குமேல் கூரை உண்டு.

மனு எழுதியவர் வக்கீல் இரியோண்டோ. ஊர் வழக்கப்படி அவரும் 'டாக்டர்'தான், அவர் கையால் குணமானவர்கள்தான் இல்லை. நாற்பது பக்கத்தைத் தாண்டக்கூடாது, பக்கத்துக்கு இருபத்தாறு வரிதான் என்று அந்த நீதிமன்றத்தில் கண்டிப்பான விதி. வரி கூடினால் மனுவே குப்பைக்குப் போகலாமாம். ரமோனா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினாள்.

பிறகு வருஷங்கள் போயின. பதிலே இல்லை. அதை அவள் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாள் ஆகுதுன்னா ஆழமாப் படிக்கிறாங்கன்னுதானே அர்த்தம், டாக்டர்?"

"ஆமா ரமோனா. கெட்ட சேதின்னா சீக்கிரம் வந்திருக்கும்" என்று தலை குனிந்து மாத்தே தேநீரை உறிஞ்சுவார் அவர்.

அன்று காலை நடைபாதையைக் கழுவிவிட்டு அவள் உள்ளே வந்து கை துடைக்கும்போதே இரியோண்டோ வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம் மெதியலூனா, பிறை வடிவ இனிப்பு ரொட்டி. வக்கீல் சொந்தக் காசில் தின்பண்டம் வாங்கி வந்திருக்கிறார் என்றதும் அவள் துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ஏத்துக்கலை, ரமோனா."

"என்ன எழுதியிருக்காங்க?"

"இருநூத்தி எண்பதாவது பிரிவுப்படி மனு ஏற்கத்தக்கதல்ல."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ஏன்னு?"

"ஏன்னு சொல்ல வேண்டாம்னுதான் அந்தப் பிரிவே."

"நாப்பது பக்கம் டாக்டர்! நான் சொன்னது தப்புன்னாவது சொல்லலாம்ல?"

"தப்புன்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. கேக்கலை, அவ்வளவுதான்."

"படிச்சாவது பாத்தாங்களா?"

டாக்டர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

சங்கத்து வக்கீலுக்கும் அதே வரி போயிருந்தது போலும். மூன்றாம் மாடி சென்யோரா பம்பீன், சங்கத் தலைவி, கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"கேள்விப்பட்டேன் ரமோனா. மனசே சரியில்லை. அவசரமில்லம்மா, மாசக் கடைசிக்குள்ள சாவியைக் குடுத்தாப் போதும். வேற கட்டடமா இருந்தா நாளைக்கே கிளம்புன்னிருப்பாங்க."

ரமோனா கைத்துணியை மடித்து வைத்தாள்.

"அப்புறம், என் சமையலறைத் தொட்டி மறுபடி அடைச்சுக்கிச்சு. மதியம் விருந்தாளிங்க வர்றாங்க. ஒரு எட்டு மேல வந்து பாத்துடு. உன் கை பட்டாத்தான் அது கேக்குது."

இரியோண்டோ மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன, கல்லு மாதிரி நிக்கிறே? வர்றியா, இல்லையா? வரலைன்னா ஏன்னாவது சொல்லு!" என்றாள் சென்யோரா.

ரமோனா மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். இரண்டு பேரையும் தாண்டி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.