ஆடி மாதத்தில் கல்யாண மண்டபம் எடுத்த கம்பெனி

1. லாரி வந்த காலை

உற்பத்தி லைனைப் பிரிக்கத் தொடங்கிய அன்றும் முதல் ஷிஃப்ட் வழக்கம்போல நடந்தது. ஷெட்டின் ஒரு பக்கம் பெண்கள் வயர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஃபோர்க்லிஃப்ட் வந்து, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் ஏற்றியது.

எங்கள் கம்பெனி காஞ்சிபுரத்துக்கு வெளியே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. டிராக்டர்களுக்கு வயரிங் ஹார்னஸ் செய்தோம். பேட்டரியிலிருந்து விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் வயர்க் கட்டுக்கு அந்தப் பெயர். நான் தரப் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் தாமல். டிப்ளமோ முடித்ததும் சேர்ந்து, கடைசியில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனேன்.

பிளான்ட் மேனேஜர் ரகுராமன் டீ பிரேக்கில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். "லைன் ஆந்திரா பக்கம் போகுது. இங்க ஒருத்தருக்குக் குடுக்கற சம்பளத்துல அங்க ரெண்டு பேரு கிடைக்கறாங்க. ஹெட் ஆபீஸ் முடிவு. எனக்கே போன வாரம்தான் சொன்னாங்க."

பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் கலைவாணி, கிரிம்பிங் பகுதியின் லைன் லீடர், கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "நாங்களும் அங்க வரலாமா சார்?"

"வரலாம்மா. ஆனா சம்பளம் அந்த ஊரு சம்பளம்தான்."

அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டில் தறி ஓடியது. கணவனும் மாமனாரும் நெய்தார்கள். இவர்கள் கொண்டுவருவதுதான் மாதச் சம்பளம். அதை விட்டுவிட்டு மாநிலம் கடந்து போக ஒருவராலும் முடியாது. அது ரகுராமனுக்கும் தெரியும். செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். ஒப்பாரி, சண்டை எதுவும் இல்லை. லஞ்ச் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள்.

2. புதிய ஷெட்

என்னைப் புது பிளான்டுக்கு அனுப்பினார்கள். லைனை ஓட விட்டுத் தரம் நிலைத்ததும் திரும்பி வரலாம் என்றார்கள். கட்டடம் எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. வெளிச்சம், காற்று, புது கேன்டீன் எல்லாம் உண்டு.

இங்கே கிரிம்பிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வயருக்குள் மெல்லிய செம்பு இழைகள் பல இருக்கும். வயரின் முனையைச் சீவி, அதன் மேல் டெர்மினல் என்ற சின்ன உலோகக் கொக்கியை மெஷினில் வைத்து அழுத்துவோம். அதுதான் கிரிம்ப். அழுத்தம் கூடினால் சில இழைகள் அறுந்துவிடும். குறைந்தால் வயர் நழுவும். இரண்டுமே வெளியே தெரியாது. கரன்ட் விட்டுப் பார்த்தால் பல்பு எரியும், டெஸ்ட்டிங்கில் பாஸ் ஆகும். வண்டி மாதக்கணக்கில் குலுங்கிக் குலுங்கி ஓடிய பிறகுதான் மிச்ச இழைகளும் அறும். அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சில வயர்களை எடுத்து, டெர்மினல் கழன்று வரும்வரை இழுத்து, எவ்வளவு பலம் தாங்குகிறது என்று பார்ப்போம். அது புல் டெஸ்ட்.

புது ஊர்ப் பெண்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் தறிக்காரர் வீடுகளில் பழகியதால் எனக்கு அந்த மொழி ஓரளவு வரும். லட்சுமி என்ற பெண் இரண்டே வாரத்தில் டெர்மினலைக் கையில் உருட்டிப் பார்த்தே சந்தேகமானதை ஒதுக்க ஆரம்பித்தாள். இனி பயமில்லை என்று, காஞ்சிபுரத்தில் மிஞ்சியிருந்த ஆபீஸுக்கும் தரப் பிரிவுக்கும் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது எனக்குத் தெரிந்த முகம் லட்சுமியுடையது மட்டும்தான். ஆட்கள் எல்லாரும் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். நிரந்தர உரிமை கேட்டுவிடக் கூடாது என்று சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் ஆளை மாற்றிவிடுவார். லட்சுமியையும் நிறுத்தி, வேறு பெயர்ப் பட்டியலில் மறுபடி எடுத்து, பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். மெஷினில் இருந்த பெண் முந்தின நாள்தான் சேர்ந்திருந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி இருந்த அக்கா. அவங்க போற அன்னிக்கி காலையில காட்டிட்டுப் போனாங்க."

புல் டெஸ்ட் மெஷின் மேல் உறை போட்டிருந்தது. உற்பத்தி இலக்கு எட்டாததால் அதை வாரம் ஒருமுறை போதும் என்று குறைத்திருந்தார்கள். நான் மெயில் எழுதினேன். போனிலும் சொன்னேன். ரகுராமன் அந்த பிளான்டுக்கும் பொறுப்பாக இருந்தார். "சுமதி, கம்ப்ளெய்ன்ட் ஏதாவது வந்திருக்கா? வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

3. கரும்பு டிராக்டர்

கம்ப்ளெய்ன்ட் நான் பயந்த மாதிரியே வந்தது.

முதலில் வயலில் நின்றுபோன டிராக்டர்கள் பற்றிய புகார்கள் வந்தன. டீலர்கள் ஃப்யூஸ், பேட்டரி என்று எதையெதையோ மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாள், கரும்பு ஏற்றிப் போன டிராக்டரின் பின் விளக்குகள் அணைந்துபோக, மசங்கிய வெளிச்சத்தில் பின்னால் வந்த வேன் டிரெய்லரில் மோதியது. தடுமாறிய டிராக்டரிலிருந்து ஓட்டியவர் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார்.

அந்த வண்டியின் ஹார்னஸ் எங்களுக்கு வந்தது. பின் விளக்கு வயரின் டெர்மினலை நானே வெட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இழைகளில் பாதிக்கு மேல் கிரிம்பில் விழுந்த பழைய வெட்டு, மிச்சம் புது முறிவு. என் மேசையில் எத்தனையோ டெர்மினல்களை வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு வெட்டியதை மட்டும் தூக்கிப் போடாமல் டிராயரில் வைத்துக்கொண்டேன்.

டிராக்டர் செய்யும் கஸ்டமர் கம்பெனி சப்ளையை நிறுத்தியது. குடோனில் இருந்த ஹார்னஸ்கள் முழுவதையும் சோதித்து, பழுதான வயரை மாற்றித் தர வேண்டும் என்றது. புது பிளான்டில் அதைச் செய்ய ஆள் இல்லை. எங்கள் பழைய ஷெட்டைக் குளிர்பானக் கம்பெனிக்குக் குடோனாக வாடகைக்கு விட்டாயிற்று. ஆடி மாதம் என்பதால் ஓரிக்கையில் ஒரு கல்யாண மண்டபம் காலியாக இருந்தது. கம்பெனி அதைப் பிடித்தது.

"கலைவாணியக் கூப்பிடுங்க" என்றார் ரகுராமன். "நம்ம கம்பெனிப் பொண்ணுங்க. நீங்க கேட்டா வருவாங்க."

கலைவாணி அப்போது ஒரு பட்டுக் கடையில் சேல்ஸில் இருந்தாள். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மறுபடி வேலைக்கி எடுக்கறாங்களாக்கா?" என்றாள்.

"இல்ல. ரீவொர்க் முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"கடையில முகூர்த்தக் கூட்டம் இல்ல, லீவு குடுப்பாங்க. ஆனா அங்க குடுக்கறதுக்கு மேல குடுக்கணும். அத மொதல்ல பேசி முடிங்க. நான் மத்தவங்கள இட்டுக்கினு வர்றேன்" என்றாள்.

பேசி முடித்தேன். வந்தார்கள்.

4. மண்டபத்தில்

சாப்பாட்டுக் கூடத்தில் கிரிம்பிங் மெஷின் ஒன்றை இறக்கினோம். ஹாலில் பந்தி மேசைகளைப் போட்டு ஹார்னஸ்களைப் பரப்பினோம். கஸ்டமர் தரப்பிலிருந்து பிலிப் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். மேடையில் மாப்பிள்ளைக்குப் போடும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப் பார்த்தார். அதைப் பார்த்துப் பெண்கள் முதல் நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் சிரிப்பு நின்றது. வெட்டிப் பார்த்த டெர்மினல்கள் பலவற்றில் இழை அறுந்திருந்தது. "கண்ணத் தொறந்துக்கினு செஞ்சாளுங்களா, தூங்கிக்கினு செஞ்சாளுங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் அந்த ஊர்ப் பெண்களை ஏசத் தொடங்கினார்கள். நான் லட்சுமியைப் பற்றியும், ஒரு காலையில் வேலை கற்றுக்கொண்ட பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"ஒரு காலையா?" என்றாள் கலைவாணி. "என்னிய இந்த மெஷின்ல கை வைக்கவே மூணு மாசம் வுடல. அவ இன்னா பண்ணுவா, பாவம்."

அதற்குப் பிறகு யாரும் ஏசவில்லை.

மதியம் ரகுராமன் ஓர் அறிக்கையோடு வந்தார். பழுதுக்குக் காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. எடுத்த நடவடிக்கை: ஆபரேட்டர்கள் நீக்கம். தரப் பிரிவின் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். இந்த வயதில் எனக்கு வேறு வேலை சுலபமாகக் கிடைக்காது. அதெல்லாம் மனதில் ஓடியது.

பிலிப் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அறிக்கையைப் படித்தார். "மேடம், நீங்க அங்க இருந்திருக்கீங்க. நிஜமான ரூட் காஸ் இதுதானா?"

"இல்ல சார்" என்றேன். "கத்துக்கிட்ட ஆளைக் கான்ட்ராக்டர் மாத்திக்கிட்டே இருக்காரு. புல் டெஸ்ட்ட நாங்க குறைச்சிட்டோம். யார் அந்த மெஷின்ல உக்காந்தாலும் இப்படித்தான் வரும். இவங்களே போய் உக்காந்தாலும்."

ரகுராமன் என் கையெழுத்தில்லாத அந்த அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டார். மாலையில் காரில் ஏறும்போது என்னிடம் வந்தார். "நீங்க சொன்னது தப்பில்ல சுமதி. என்னப் பக்கத்துல வெச்சிக்கிட்டே சொன்னீங்க பாருங்க, அதுதான் கஷ்டமாப் போச்சு."

5. எப்படி முடிந்தது

கஸ்டமர் தரப்பில் இரண்டு நிபந்தனை போட்டார்கள். கிரிம்பிங் மெஷினில் உட்காருகிறவர்கள் கம்பெனியின் நிரந்தர ஆட்களாக இருக்க வேண்டும். ஷிஃப்ட்டுக்கு ஒரு புல் டெஸ்ட் கட்டாயம். கம்பெனி ஒப்புக்கொண்டது. லட்சுமி பேக்கிங்கிலிருந்து மெஷினுக்குத் திரும்பினாள். லைன் காஞ்சிபுரத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த மாடல் டிராக்டரின் ஆர்டரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊர் மாறியதில் மிச்சமானதும் ரீவொர்க்கில் போனதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்று அக்கவுன்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் நீக்கவில்லை. பதவி உயர்வும் வரவில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தேன்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூலி குறைந்த ஊர் என்பதால் தரம் குறைவதில்லை. எந்த ஊரிலும் கற்றுக்கொள்ள ஆள் உண்டு. கற்ற ஆளை நிற்க விடாத இடத்தில்தான் குறைகிறது. அறிக்கையில் ஆபரேட்டர் பெயரை எழுதும் முன், அவருக்கு முன்னால் அந்த மெஷினில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

ரீவொர்க்கின் கடைசி நாள், ஆவணி முகூர்த்தத்துக்குப் பந்தல்காரர்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் மேசைகளை ஒழித்துக்கொண்டிருந்தோம். நிபந்தனைகளைப் பற்றிக் கலைவாணியிடம் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணுங்களுக்கு பெர்மனென்ட் ஆயிடுமா?"

"கிரிம்பிங்ல இருக்கறவங்களுக்கு மட்டும்."

"நமக்கு?"

"இல்ல."

அவள் தரையில் சிதறிக் கிடந்த வயர்த் துண்டுகளை வாரிக் கூடையில் போட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்குதுக்கா. இல்லன்னு சொன்னா பொய்யி. ஆனா அவங்க மேல இல்ல" என்றாள். பட்டுக் கடையில் மறுநாள் காலை டூட்டி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.