மெக்கன்சி பூக்கடை

மலேசியாவின் கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பலகை என்னை நிறுத்துகிறது: மெக்கன்சி பூக்கடை.

"எங்க ரப்பர் தோட்டத்துப் பேருண்ணே. அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொரை பேரு," என்கிறார் மல்லிகை தொடுக்கும் அக்கா. "தோட்டத்த அழிச்சு வீடு கட்டிட்டாங்க. பேர நாங்க எடுத்துக்கிட்டு வந்துட்டோம் லா."

பலகையைப் படமெடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். ஸ்காட்லாந்துக்காரராம், அவர் பெயரும் மெக்கன்சியாம். பழைய கோபம் ஏதும் கிளம்புமோ என்று நான் அக்காவைப் பார்க்கிறேன்.

அக்கா பூவை வைத்துவிட்டு நிமிர்கிறார். தோட்டத்து ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, தோட்டத்தின் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பதுதான்; அதையே அவரிடமும் ஆவலாகக் கேட்கிறார்: "மெக்கன்சியா? விச் டிவிஷன்?"

அவர் விழிக்கிறார். ஒரு சரம் மல்லிகை அவர் கைக்குப் போகிறது. நீட்டிய காசை அக்கா தள்ளிவிடுகிறார்.

"தோட்டத்து ஆளுகிட்ட வாங்க மாட்டேண்ணே."

நானும் ஒரு சரம் கேட்கிறேன். எனக்கு விலை சொல்கிறார்.